மில்லர்ஸ் டேல் ரயில் நிலையம்: கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைப்பகுதியில், வை ஆற்றங்கரையில் 1863-ல் திறந்து 1967-ல் மூடிய நிலையம் இது. நிலையம், அதன் வழியே போன டெர்பி–மான்செஸ்டர் பாதை, பழைய ஆவணங்களைத் தேடும் முறை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். பழம்பொருள் விலை நிலவரமும் மாடல் ரயிலும் இங்கே வேண்டாம்.

கோவையிலிருந்து: ஐயா, மில்லர்ஸ் டேல் என்பது நாலு வீடு உள்ள இடம் என்கிறார்கள். அதற்கு எதற்கு 5 நடைமேடை?

நிலையம் அந்த நாலு வீட்டுக்காகக் கட்டப்பட்டதல்ல. பெயர்ப்பலகையிலேயே ‘டைட்ஸ்வெல் ஊருக்கு இங்கே இறங்கவும்’ என்ற பொருளில் பக்கத்து ஊரின் பெயரும் இருந்தது. அந்த டைட்ஸ்வெல் மலைமேல் 2, 3 மைல் தள்ளி இருக்கிறது. அதற்கும் 5 நடைமேடை தேவையில்லை.

காரணம் பக்ஸ்டன். வெந்நீர் ஊற்றுள்ள, பணக்காரர்கள் ஓய்வுக்கு வரும் ஊர் அது. மிட்லண்ட் ரயில்வேயின் பிரதான பாதை அதைத் தொடாமல் வடக்கே திரும்பி, பீக் ஃபாரஸ்ட் வழியாக மான்செஸ்டருக்குப் போனது. பக்ஸ்டனுக்குக் கிளைப் பாதைதான். ஆகவே லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து வரும் வண்டியில் பக்ஸ்டன் பெட்டிகளைத் தனியாகக் கோத்து அனுப்புவார்கள். மில்லர்ஸ் டேலில் அவற்றைக் கழற்றி உள்ளூர் எஞ்சினில் மாட்டுவார்கள். பயணி இடத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

இந்த வேலைக்கு இடம் வேண்டும். கழற்றிய பெட்டிகள் பிரதான பாதையில் நின்றால் பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் நிற்கும். முன்னால் போகும் மெதுவான சரக்கு வண்டியும் அதே பாதையில்தான் ஏறியாக வேண்டும். 1863-ல் போட்டது இரட்டைப் பாதை மட்டுமே. நெரிசல் தாங்காமல் 1905-ல் ஆற்றின் மேல் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது உயர்பாலம் கட்டி, நிலையப் பகுதியை 4 பாதையாக விரித்து, 5 நடைமேடை ஆக்கினார்கள். அதில் ஒன்று பக்ஸ்டன் வண்டிக்கான முட்டு நடைமேடை, அதாவது தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும் நடைமேடை. பிற்காலத்தில் அந்தக் கிளையில் ஓடியது தள்ளு-இழு வண்டி: ஒரு முனையில் சிறிய டாங்க் எஞ்சின், மறுமுனைப் பெட்டியில் டிரைவர் நிற்க ஓர் அறை. முட்டு நடைமேடையில் எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவரும் வேலை அதனால் மிச்சம்.

ஆக, நிலையத்துக்குச் சோறு போட்டது சந்திப்பு. நடைமேடையிலேயே தபால் நிலையம் இருந்தது. பாலும் சுண்ணாம்புக்கல்லும் ஏராளமாகப் போயின. ஆனாலும் பக்ஸ்டன் கிளை இல்லையென்றால் இது பக்கத்து மான்சல் டேல் மாதிரி ஒரு சின்ன நிறுத்தம். அந்த மான்சல் டேல் 1866-ல் திறந்து 1959-லேயே மூடிவிட்டது.

டெர்பியிலிருந்து: பாதை ஏன் இவ்வளவு கடினமான பள்ளத்தாக்கில் போனது? வேறு வழி இல்லையா?

இருந்தது. 1849-லேயே ஆம்பர்கேட்டிலிருந்து ரௌஸ்லி வரை தண்டவாளம் வந்துவிட்டது. அங்கிருந்து நேராக, டெவன்ஷர் டியூக்கின் சாட்ஸ்வொர்த் நிலம் வழியே போவதாகத் திட்டம். அந்த நிலம் கிடைக்கவில்லை. ரட்லண்ட் டியூக்கின் ஹாடன் மாளிகைப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. வண்டி கண்ணில் படக்கூடாது என்பதற்காக அங்கே 1,058 கெஜத்துக்கு ஹாடன் சுரங்கம். அதன் பிறகு பேக்வெல், மான்சல், மில்லர்ஸ் டேல் என்று வை ஆற்றை ஒட்டியே ஏற்றம். பக்ஸ்டன் வழியாக வடக்கே போகும் பாதையைப் போட்டிக் கம்பெனியான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் பிடித்துக்கொண்டதால், மிட்லண்ட் தனியாக 2,984 கெஜத்துக்கு டவ் ஹோல்ஸ் சுரங்கம் வெட்டியது. 1867-ல் பயணிகள் வண்டி மான்செஸ்டர் போனது.

ஏற்றம் எவ்வளவு என்று பலரும் கேட்பதால் இங்கேயே சொல்கிறேன். மில்லர்ஸ் டேலைத் தாண்டி பீக் ஃபாரஸ்ட் வரை 90 அடிக்கு 1 அடி. 300 டன் வண்டி என்றால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமலே, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 3.3 டன் இழுவிசை கூடுதலாக வேண்டும். ரௌஸ்லி எஞ்சின் கொட்டகையில் பின்னிருந்து தள்ளும் எஞ்சின்களை வைத்திருந்தது அதற்காகத்தான்.

லெஸ்டரிலிருந்து: பீச்சிங் அறிக்கையால் மூடிய நிலையம்தானே இது?

பாதி உண்மையும் இல்லை. விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டிஷ் ரயில்வேஸ் வாரியத் தலைவர் டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை 1963 மார்ச்சில் வந்தது. 2,363 நிலையங்களை மூடலாம் என்றது. இந்தப் பாதையில் சிறு நிலையங்களும் நின்று நின்று போகும் உள்ளூர் வண்டிகளும்தான் அதன் குறி. டெர்பி–மான்செஸ்டர் நேர்வண்டிப் பாதையை எடுக்கச் சொல்லவில்லை. பரிந்துரைத்தவர் தாமே மூடவும் முடியாது. 1962-ம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டப்படி மூடல் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சேபம் வந்தால் பயணிகள் ஆலோசனைக் குழு விசாரிக்க வேண்டும். அந்தக் குழு பார்ப்பது ஒன்றே ஒன்று: பயணிகளுக்கு எவ்வளவு சிரமம். வரவு செலவுக் கணக்கைக் கேள்வி கேட்க அதற்கு அதிகாரம் இல்லை. கடைசிக் கையெழுத்து அமைச்சருடையது. பீச்சிங் 1965-லேயே பதவியை விட்டுப் போய்விட்டார். மில்லர்ஸ் டேல் 1967 மார்ச்சில் மூடியபோது போக்குவரத்து அமைச்சர் லேபர் கட்சியின் பார்பரா காஸில்.

உண்மையில் இந்தப் பாதையை வீழ்த்தியது மின்மயம். 1966 ஏப்ரலில் லண்டன் யூஸ்டனிலிருந்து மான்செஸ்டருக்கு மின்சார ரயில் முழு அளவில் ஓடத் தொடங்கியது. அந்த வேலை நடந்த வருடங்களில் மிட்லண்ட் பாதைக்குக் கூட்டம் வந்தது. 1960 முதல் ஓடிய, முதல் வகுப்பு மட்டுமே கொண்ட நீல நிற மிட்லண்ட் புல்மன் டீசல் வண்டி அந்தக் காலத்துடையதுதான். மின்பாதை தயாரான அதே மாதம் புல்மன் நின்றது. அதன்பின் இது ‘ஒரே ஊருக்கு இரண்டாவது வழி’ ஆகிவிட்டது. 1968 ஜூலை 1 முதல் நேர்வண்டியும் இல்லை.

ஓர் எச்சரிக்கை, இனிமேல் இது பற்றி எழுதப் போகிறவர்களுக்கு: மூடல் தேதியும் கடைசி ரயில் ஓடிய நாளும் ஒன்றல்ல. மில்லர்ஸ் டேலின் அதிகாரபூர்வத் தேதி 6 மார்ச் 1967. அது திங்கட்கிழமை. பிரிட்டனில் மூடல் பெரும்பாலும் திங்கள் முதல்தான் அமலாகும். கடைசி வண்டி அதற்கு முந்திய சனிக்கிழமை போயிருக்கும், ஞாயிறு சேவை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பருவத்தின் கால அட்டவணையைப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

சென்னையிலிருந்து: சார், லண்டனில் ஒரு பழைய கடையில் இந்த நிலையத்தின் புகைப்படம் வாங்கினேன். ஆண்டு எழுதவில்லை. கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நான்கைந்து வருட வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். எஞ்சினை முதலில் பார்க்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது. எஞ்சின் 40, 50 வருடம் ஓடும். அசையாப் பொருளிலிருந்து தொடங்குங்கள்.

ஆற்றின் மேல் ஒரு பாலமா, இரண்டா? ஒன்று என்றால் 1905-க்கு முன். இரண்டாவது பாலத்தின் தூண்கள் பாதி எழும்பி, சாரம் கட்டியிருந்தால் அதற்குச் சற்று முன். பாலம் படத்தில் இல்லையென்றால் பாதைகளை எண்ணுங்கள்.

அடுத்தது எழுத்து. எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியிலோ பெட்டியிலோ என்ன எழுதியிருக்கிறது? மிட்லண்ட் என்றோ அதன் முதலெழுத்துகளோ இருந்தால் 1922 வரை, பெயிண்ட் மாற்றத் தாமதமானால் இன்னும் சில வருடம். எல்.எம்.எஸ். (மிட்லண்டையும் சேர்த்து உருவான லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் கம்பெனி) என்றால் 1923 முதல். பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்றால் 1948 முதல், அதாவது தேசியமயத்துக்குப் பின். சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்க முத்திரை 1950-களின் முற்பகுதி. கிரீடத்திலிருந்து எழும் சிங்கம் 1956-க்குப் பின். இந்த வரிசையில் எதுவுமே ‘இதற்கு முன் இல்லை’ என்றுதான் சொல்லும். ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்லாது. பழைய முத்திரையோடு ஐந்து வருடம் ஓடிய எஞ்சின்கள் ஏராளம்.

பெயர்ப்பலகை கரும்சிவப்பில் வெள்ளை எழுத்தாக இருந்தால், அது தேசியமயத்துக்குப் பிந்திய லண்டன் மிட்லண்ட் மண்டலத்தின் நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. இருண்ட பின்னணியில் வெளுத்த எழுத்து என்பது மட்டும் தெரியும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பெட்டிக் கதவில் எண் தெரிந்தால் அதிர்ஷ்டம். மிட்லண்ட் ரயில்வே 1875 ஜனவரி 1-ல் இரண்டாம் வகுப்பை ஒழித்தது. அதன்பின் முதலும் மூன்றும் மட்டுமே. 1956 ஜூன் 3-ல் பிரிட்டன் முழுக்க மூன்றாம் வகுப்பின் பெயரை ‘இரண்டாம் வகுப்பு’ என்று மாற்றினார்கள். ஆகவே 3 என்று இருந்தால் பெரும்பாலும் 1956-க்கு முன். இதே விதி டிக்கெட்டுக்கும் பொருந்தும்: மில்லர்ஸ் டேலிலிருந்து ‘இரண்டாம் வகுப்பு’ என்று அச்சிட்ட அட்டை டிக்கெட் கிடைத்தால், ஒன்று 1875-க்கு முன், அல்லது 1956 ஜூனுக்குப் பின். நடுவில் வராது.

இதற்கெல்லாம் பிறகு பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல (ஒரு மைலுக்கு 25 அங்குலம்) வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்காட்லந்து தேசிய நூலகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்துப் பகுதிகளும் உண்டு. வரைபடத்தின் ஓரத்தில் அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று இரண்டு இருக்கும். அளந்த ஆண்டுதான் கணக்கு.

மதுரையிலிருந்து: நம் கொடைக்கானல் ரோடு நிலையமும் ஊரிலிருந்து வெகுதூரம்தானே? அதே பழக்கமா?

ஆமாம். பிரிட்டிஷ் கம்பெனிகள் ‘ரோடு’ என்று பெயரில் சேர்த்தால், ஊர் இங்கே இல்லை, அதற்குப் போகும் சாலை இங்கே இருக்கிறது என்று பொருள். மிட்லண்ட் இங்கே ‘ரோடு’ போடாமல் ‘டைட்ஸ்வெல்லுக்கு’ என்று போட்டது.

பர்மிங்ஹாமிலிருந்து: பாதையோரம் கோட்டைச் சுவர் மாதிரி நிற்பது என்ன, அண்ணா?

சுண்ணாம்புக் காளவாய். ஈஸ்ட் பக்ஸ்டன் லைம் கம்பெனி 1880-ல் கட்டியது, 1944 வரை எரிந்தது. மேலே குவாரி, நடுவில் காளவாய், கீழே தண்டவாளம். கல் மேலிருந்து கீழே இறங்குவதற்குச் செலவே இல்லாத அமைப்பு. வாய் வழியாகச் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். 900 டிகிரி செல்சியஸ் சுற்றில் கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறும். 100 டன் சுத்தமான கல்லுக்கு 56 டன் சுட்ட சுண்ணாம்பு. மிச்சம் 44 டன் காற்றோடு போய்விடும். காளவாயை நகரத்தில் வைக்காமல் குவாரியடியில் வைத்ததற்கு இதுவே காரணம்: பாதி எடையை எதற்கு ரயிலில் சுமப்பது?

ரயில்காரர்களுக்கு இதில் ஒரு தலைவலி. சுட்ட சுண்ணாம்பில் மழை பட்டால் வண்டியிலேயே நீறத் தொடங்கும். கொதித்துப் பொங்கும், மரப் பெட்டி கருகும். அதனால் சுண்ணாம்பு வண்டிகளுக்கு வீட்டுக்கூரை போல இருபக்கச் சரிவுள்ள மூடி. இங்கே எடுத்த பழைய படத்தில் கூரை வைத்த குட்டிச் சரக்குப் பெட்டி தெரிந்தால் உள்ளே பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

மேலே ஏறாதீர்கள். காளவாயின் வாய் திறந்த கிணறு. விளிம்புக் கல் பிடிமானம் இல்லாமல் இருக்கும்.

ரெடிங்கிலிருந்து: பீச்சிங் மூடியதை மறுபடி திறப்பார்களா?

பீச்சிங் மூடவில்லை, மேலே லெஸ்டர் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். திறப்பது பற்றி: இன்று அந்தத் தடம் மான்சல் டிரெய்ல் என்ற நடை, சைக்கிள் பாதை. பேக்வெல் பக்கமிருந்து பிளாக்வெல் மில் வரை 8.5 மைல். 1981-ல் தொடங்கியது. சுரங்கங்கள் 2011 மே மாதம் திறந்தன. ரயில் வர வேண்டுமென்றால் இதை எடுக்க வேண்டும்.

மான்செஸ்டரிலிருந்து: எடுக்கட்டுமே! பீக் ஃபாரஸ்ட் கல் வண்டிகள் தெற்கே போக ஷெஃபீல்ட் பக்கம் சுற்றுகின்றன. சைக்கிள்காரர்களுக்காக ஒரு பிரதான பாதையை இழப்பது நியாயமா?

நாட்டிங்ஹாமிலிருந்து: சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு அந்த மலையில் இருக்கும் மிகச் சில சமதளப் பாதைகளில் ஒன்று அது. அதைப் பறிப்பதுதான் நியாயமா?

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மான்செஸ்டர் வாசகர் சொல்லும் கல் வண்டிச் சுற்று உண்மை. பக்ஸ்டன், பீக் ஃபாரஸ்ட், சின்லி வழியில் சரக்குப் பாதை இன்றும் உயிரோடிருக்கிறது. (டிரெய்லின் மேற்கு முனையில் அந்தத் தண்டவாளம் பக்கத்திலேயே வரும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.) ஆனால் நடுவில் விட்டுப்போன துண்டைப் போட்டால் மட்டும் பிரதான பாதை ஆகிவிடாது. தெற்கே ஆம்பர்கேட்–மாட்லாக் இன்று ஒற்றைப் பாதை. மாட்லாக்–ரௌஸ்லி துண்டில் பீக் ரயில் என்ற பாரம்பரிய ரயில் ஓடுகிறது. ஹாடன் சுரங்கம் டிரெய்லில் சேராமல் மூடிக் கிடக்கிறது. 

மான்செஸ்டரிலிருந்து: சுரங்கங்கள் இரட்டைப் பாதைக்கு வெட்டியவை. ஒருபக்கம் ஒற்றைத் தண்டவாளம், மறுபக்கம் வேலி போட்டு நடைபாதை. இரண்டும் கிடைக்குமே?

வரைபடத்தில் கிடைக்கும். குதிரைலாட வளைவுள்ள சுரங்கத்தில் இடம் அகலமாக இருப்பது நடுவில். சுவரோரம் கூரை தாழ்ந்து வரும். 1860-களில் ஓடிய பெட்டியைவிட இன்றைய கன்டெய்னர் வண்டி உயரமும் அகலமும் கூடியது. அதற்கு இடம் வேண்டுமென்றால் ஒற்றைத் தண்டவாளத்தை நட்டநடுவில்தான் போட முடியும். மிஞ்சுவது இருபக்கமும் ஆளுக்கு ஒரு கீற்று. தண்டவாளத்தைத் தாழ்த்தலாம், அப்போது வடிகால் கெடும். சுண்ணாம்புப் பாறைச் சுரங்கத்தில் தண்ணீர் சொட்டாத நாளே இல்லை. பள்ளத்தாக்குச் சரிவில் மாற்று நடைபாதை போடலாம் என்றால், 2011 வரை மக்கள் சுரங்கங்களைச் சுற்றி அப்படித்தான் போனார்கள்: படியும் பாறையும் ஏற்ற இறக்கமும். சக்கர நாற்காலி போகாது. நாட்டிங்ஹாம் வாசகரின் வாதத்துக்கு இதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

என் கருத்து: டெர்பி–மான்செஸ்டர் நேர்பாதையை இழந்தது பெரிய பிழை. ஆனால் அதைத் திருத்த இன்று டிரெய்லைக் கொடுப்பதானால், சமதள மாற்றுப் பாதைக்கான வரைபடம் முதலில் மேசைக்கு வர வேண்டும். தடத்தைக் கட்டிடம் கட்டி அடைக்காமல் காப்பாற்றி வைத்திருப்பதே அந்த டிரெய்ல்தான் என்பதை ரயில் பக்கம் பேசுபவர்கள் மறக்கக்கூடாது.

நாட்டிங்ஹாமிலிருந்து: 19-ம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் ரஸ்கின் இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் போட்டதை அன்றே எதிர்த்தாரே. அவர் பேச்சைக் கேட்டிருந்தால்?

ரஸ்கின் கண்டித்து எழுதியது மான்சல் பாலம் நின்று வண்டி ஓடத் தொடங்கிய பிறகு. கேட்டு நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் வெறுத்த அதே பாலம் 1970-ல் பாதுகாக்கப்பட்ட கட்டிடம் ஆனது. டிரெய்ல் வாதம் இதோடு போதும். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

திருச்சியிலிருந்து: 4 மி.மீ. அளவில் இந்த நிலையத்தை மாடலாகச் செய்ய எந்தத் தண்டவாளம் வாங்கலாம்?

மாடல் குழுவில் கேளுங்கள். நிலைய வரைபடம் வேண்டுமென்றால் மேலே சொன்ன 25 அங்குல வரைபடம் போதும்.

லூட்டனிலிருந்து: எனாமல் பெயர்ப்பலகை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அசலா?

படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். காந்தம் ஒட்ட வேண்டும். அசல் எனாமல் இரும்புத் தகட்டின் மேல் சுட்டது. அலுமினியம் என்றால் திரும்பிவிடுங்கள். எழுத்தின் ஓரத்தை நகத்தால் தடவினால் அடுக்கின் விளிம்பு தட்டுப்பட வேண்டும். அடிபட்ட இடத்தில் எனாமல் சிதறித் தெறித்திருக்கும். பெயிண்ட் மாதிரி உரிந்திருக்காது.

ஹாரோவிலிருந்து: ‘6 மார்ச் 1967, கடைசி ரயில்’ என்று ஒரு படத்தின் கீழ் எழுதியிருக்கிறது. பீச்சிங் உத்தரவுப்படிதானே?

இரண்டும் தவறு. தேதி திங்கட்கிழமை, அன்றைக்கு வண்டி நிற்கவில்லை. பீச்சிங்குக்கு உத்தரவு போடும் அதிகாரமே இல்லை. இந்த இரண்டுக்கும் இனி பதில் எழுத மாட்டேன்.

ஷெஃபீல்டிலிருந்து: என் கணவரின் கொள்ளுத்தாத்தா மில்லர்ஸ் டேலில் போர்ட்டராக இருந்தாராம். பதிவு கிடைக்குமா?

நல்ல கேள்வி. லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மிட்லண்ட் ரயில்வே ஆவணங்கள் ‘ரெயில் 491’ என்ற வரிசையில் இருக்கின்றன. ஊழியர் பதிவேடுகளும் அதில் உண்டு. பெயர், பணியிடம், சம்பளம், இடமாற்றம் கிடைக்கலாம். பணம் கட்டிப் பார்க்கும் வம்சாவளித் தளங்களிலும் ஒரு பகுதி ஏற்றியிருக்கிறார்கள். நேரில் போவதற்கு முன் அங்கே தேடுங்கள். பெயரை மட்டும் போட்டால் நூறு பேர் வருவார்கள். பிறந்த ஆண்டும் ‘மில்லர்ஸ் டேல்’ என்ற இடப்பெயரும் சேர்த்துத் தேட வேண்டும். ஆங்கில இடப்பெயரில் அப்பாஸ்ட்ரஃபி குறி (Miller’s) இருந்தும் இல்லாமலும், ஒரே சொல்லாகவும் இரு சொல்லாகவும் எழுதியிருப்பார்கள். எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.

கூடவே மக்கள்தொகைக் கணக்கு: 1881 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை வந்தவற்றில் தொழில் எழுதியிருக்கும். 1931 ஏடுகள் 1942-ல் தீயில் எரிந்துவிட்டன; 1941-ல் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே அவர் 1921-க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் ரயில்வே பதிவேட்டையும், 1939-ல் எடுத்த மக்கள் பதிவேட்டையும்தான் பார்க்க வேண்டும். கியூவுக்குப் போவதாக இருந்தால் வாசகர் அட்டை இலவசம். அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்று கொண்டுபோங்கள். ஏட்டின் எண்ணைக் குறித்து முன்கூட்டியே கேட்டு வைத்தால் காலையிலேயே மேசைக்கு வந்துவிடும்.